போர்வீல் போட்டும் முன் சில்லு இழுக்கவில்லையா? அக்சிலைக் கழற்ற முதல் பார்க்க வேண்டியவை

ஒட்டுசுட்டான் பக்கத்தில் கமம் செய்கிற தம்பி ஒருவரின் கேள்வி இது. யப்பானிலிருந்து பழையதாக வந்த, முப்பது குதிரைவலு அளவிலான சின்ன உழவு இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். போர்வீல் லீவரை, அதாவது முன் சில்லையும் சேர்த்து நாலு சில்லாலும் இழுக்க வைக்கிற லீவரைப் போட்டாலும் சேற்றில் பின் சில்லு மட்டும் சுழல்கிறது, முன் சில்லு சும்மா நிற்கிறது. பாரம் ஏறும்போது அடியிலிருந்து "டக் டக்" என்று சத்தம் வருகிறது. கராஜில் காட்டியபோது, முன் அக்சிலைக் கழற்றி கிரவுண் வீலும் பினியனும் (அக்சிலின் நடுவில் ஒன்றோடு ஒன்று பிடித்துச் சுற்றுகிற பெரிய, சின்னப் பல்லுச் சக்கரங்கள்) மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலபோக மழை இறங்க முதல் முடிவெடுக்க வேண்டும். கழற்றுவதா, விடுவதா?

இப்போதைக்குக் கழற்ற வேண்டாம், தம்பி. நீங்கள் சொன்ன அறிகுறிகள் கிரவுண் வீலை மட்டும் காட்டவில்லை. அதைவிட மலிவான, வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய நாலைந்து இடங்களையும் காட்டுகின்றன. அக்சிலைத் திறந்தால் சீல், பெயரிங், சிம் (இடைவெளியைச் சரிக்கட்டுகிற மெல்லிய தகடு) என்று ஒவ்வொன்றாகச் செலவு வரும். திறந்த பிறகு உள்ளே எல்லாம் நல்லாக இருந்தால், போன காசும் நாளும் திரும்பி வராது. ஒரு ஜக், நல்ல மரக்கட்டைகள், ஓர் உதவியாள் இருந்தால், எந்த இடத்தில் இழுவை அறுந்திருக்கிறது என்பதை ஒரு காலைப் பொழுதுக்குள் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முதலில் பலம் எந்த வழியால் முன் சில்லுக்குப் போகிறது என்பது மனதில் இருக்க வேண்டும். கியர் பொக்ஸில் கியர் மாறி முடிந்த பிறகு, பின் அக்சிலுக்குப் போகிற அதே சாப்டிலிருந்துதான் முன்னுக்கும் ஒரு பங்கு பிரிகிறது. பிரிகிற இடத்தில் வழுக்கிச் சேரும் கியர் ஒன்று இருக்கும். போர்வீல் லீவர் தள்ளுவது அதைத்தான். அங்கிருந்து மிசினின் வயிற்றுக்குக் கீழே ஒரு டிரைவ் சாப்ட் முன்னுக்குப் போகிறது. பெரும்பாலும் ஒரு குழாய்க்குள் மறைந்திருக்கும், இரண்டு நுனியிலும் சாப்டை இணைக்கிற, உள்ளே பல்லு வெட்டிய உறை, அதாவது கப்ளிங் இருக்கும். முன் அக்சிலின் நடுவில் பினியன், கிரவுண் வீல், டிப்ரன்சியல் (திரும்பும்போது இரண்டு சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்லுக் கூட்டம்). அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை சாப்ட்கள். நுனியில், சில்லு திரும்பும் மூட்டுக்குள், யப்பான் வகைகளில் பெரும்பாலும் கோணப் பல்லுச் சக்கரங்கள் ஒயிலில் முங்கியபடி இருக்கும். வேறு சில மிசின்களில் அந்த இடத்தில் யுனிவர்சல் ஜொயின்ற் இருக்கும். கடைசியாகச் சில்லு.

இந்த வழியில் எந்த ஒரு இடம் விட்டாலும் இரண்டு முன் சில்லுமே இழுக்காது. ஒரு பக்க அரை சாப்ட் முறிந்தால் மற்றப் பக்கமாவது இழுக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. டிப்ரன்சியல் எப்போதும் தடையில்லாத பக்கத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். முறிந்த பக்கத்தில் தடையே இல்லை, ஆகவே முழுச் சுழற்சியும் அங்கே வீணாகும், நல்ல பக்கம் அசையாமல் நிற்கும். ஆகவே "இரண்டு சில்லும் வேலை செய்யவில்லை, அப்படியென்றால் நடுவில்தான் பழுது" என்பது சரியான முடிவு அல்ல. உங்களுக்குக் கராஜில் சொன்னதும் இந்தக் கணக்கில்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சேற்றில் ஒரு முன் சில்லு சுழல மற்றது நின்றால் அது பழுது அல்ல. அதுதான் டிப்ரன்சியலின் இயல்பு. பின்னுக்கு இரண்டு சில்லையும் சேர்த்துப் பூட்டுகிற டிப் லொக் மிதி இருக்கும், முன்னுக்குச் சின்ன மிசின்களில் பொதுவாக இருக்காது. இரண்டு சில்லும் சுழன்றும் மிசின் நகரவில்லை என்றாலும் இழுவை வந்துகொண்டுதான் இருக்கிறது, மண்ணில் பிடிதான் இல்லை. பின்னால் பாரமான ரொட்டவேற்றரைத் தூக்கியபடி போகும்போது முன்பக்கம் லேசாகிவிடும், அப்போது முன் சில்லு மண்ணைத் தடவிக்கொண்டு போகும். முன்னுக்குப் பாரக்கட்டி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரயர் பூ தேய்ந்திருந்தாலும், அம்பு அடையாளம் மாறி ரயர் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தாலும் இதே கதைதான். பழைய மிசின் வாங்குபவர்கள் அந்த அம்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ரயர் கழற்றிப் பஞ்சர் ஒட்டிய இடத்தில் மாறிப் பூட்டப்பட்டு வருவது சாதாரணம். உங்களுடையதில் பின் சில்லு சுழல முன் சில்லு இரண்டும் அசையாமல் நிற்கிறது என்கிறீர்கள், ஆகவே எங்கோ உண்மையில் அறுந்திருக்கிறது. தேடுவோம்.

மிசினைச் சமமான இறுகிய தரையில் நிறுத்துங்கள். வயலிலோ மணலிலோ வேண்டாம். எஞ்சினை நிற்பாட்டித் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் வையுங்கள். ஹான்ட் பிரேக் போட்டு, பின் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜக்கால் தூக்கி, சட்டத்துக்குக் கீழே பாலைக் கட்டைகளை அடுக்கி, பாரத்தைக் கட்டையில் இறக்குங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் உதவாது, திடீரென்று நொறுங்கும். முன் அக்சில் நடுவில் ஒரு பின்னில் ஆடக்கூடியது, அதனால் இரண்டு பக்கமும் அக்சிலுக்கும் சட்டத்துக்கும் இடையில் மர ஆப்பு வையுங்கள். முன் சில்லு இரண்டும் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

இந்த நிலையில் எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிக் கியர் போட்டுப் பார்க்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் பின் சில்லு மிசினைக் கட்டையிலிருந்து தள்ளிவிடும். பின்பக்கம் தூக்கியிருந்தால், வேலை செய்யாது என்று நினைத்த முன் சில்லு திடீரென்று பிடித்து இழுத்துவிடும். அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும். நான் சொல்லப்போகிற சோதனை எல்லாம் கையால் செய்வது, எஞ்சினே தேவையில்லை.

முதல் சோதனை. போர்வீல் லீவரைப் போடுங்கள். போடும்போது உதவியாள் முன் சில்லைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும், இல்லாவிட்டால் பல்லும் பல்லும் முட்டி நிற்கும், லீவர் போனது போலத் தெரிந்தாலும் உள்ளே சேர்ந்திருக்காது. இப்போது ஒரு முன் சில்லை மட்டும் கையால் சுற்றுங்கள். மற்றச் சில்லு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால், இந்தச் சில்லிலிருந்து டிப்ரன்சியல் வழியாக அந்தச் சில்லு வரை இரண்டு பக்கமும் முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். அரை சாப்ட், மூட்டுக்குள் இருக்கிற பல்லுச் சக்கரங்கள் எல்லாம் தப்பின. மற்றச் சில்லும் சுற்றவில்லை, அடியில் டிரைவ் சாப்டும் சுற்றவில்லை என்றால் ஒரு பக்கம் அறுந்திருக்கலாம். எந்தப் பக்கம் என்பதைக் கைக்குத் தெரிகிற கனத்தால் அறியலாம். நுனியில் அறுந்த பக்கத்துச் சில்லு பல்லுச் சக்கரங்களை இழுக்காது, வெறும் பெயரிங்கில் லேசாகச் சுற்றும். ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, நுனியை அக்சில் உடம்பில் அங்கங்கே ஊன்றிக் கேட்டால், உதவியாள் சுற்றும்போது எங்கே உராய்கிறது, எங்கே உடைந்த துண்டு புரள்கிறது என்பது தெளிவாகக் கேட்கும்.

இரண்டாவது சோதனைதான் முக்கியமானது. லீவர் போட்டபடியே இருக்க, ஆளுக்கு ஒரு சில்லாகப் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் முன்பக்கமாகச் சுற்றப் பாருங்கள். பின் சில்லு தரையில் இறுகி நிற்பதால், எல்லாம் சரியாக இருந்தால் சின்ன ஆட்டத்துக்குப் பிறகு இரண்டும் இறுகிப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால், கியர் பொக்ஸ் தொடங்கிச் சில்லு வரை முறிவு எதுவும் இல்லை. பாரம் ஏறும்போது மட்டும் வழுக்குகிற தேய்ந்த பல்லு இருக்கலாம், அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பிடிக்காமல் இரண்டு சில்லும் தாராளமாகச் சுற்றினால், உடனே அடியில் டிரைவ் சாப்டைப் பாருங்கள். குழாய் மூடியிருந்தால் அதன் கிளிப்பைக் கழற்றி நகர்த்திவிட்டுப் பாருங்கள், வெண்கட்டியால் சாப்டில் ஒரு கோடு போட்டால் தெளிவாகத் தெரியும். சில்லு சுற்ற, சாப்டும் சேர்ந்து சுற்றுகிறதா? சுற்றினால் முன் அக்சில் முழுவதும் நல்லாக இருக்கிறது. கிரவுண் வீலுக்கும் பினியனுக்கும் ஒன்றும் இல்லை. பழுது சாப்டுக்குப் பின்னால், கப்ளிங்கிலோ லீவரிலோ கியர் பொக்ஸிலோ. சாப்ட் சுற்றவில்லை, ஆனால் சில்லு இரண்டும் சுற்றுகிறது, முதல் சோதனையும் சரி என்றால், பழுது சாப்டின் முன் கப்ளிங்கில் அல்லது பினியன், கிரவுண் வீல் பக்கத்தில். அப்போதுகூட முதலில் முன் கப்ளிங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அது வெளியில் இருக்கிற சாமான். அந்தச் சாப்ட் சில்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றும்படி வைக்கப்பட்டது, அதனால் சாப்டைக் கையால் முறுக்கும்போது வருகிற கொஞ்ச ஆட்டம் சாதாரணம், அதைப் பழுது என்று எடுக்க வேண்டாம்.

உங்கள் விடயத்தில் எனக்கு அதிக சந்தேகம் கப்ளிங்கின் மேல்தான். பாரம் ஏறும்போது மட்டும் "டக் டக்" என்று விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம், தேய்ந்த பல்லு ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தாண்டுகிற சத்தம். கையால் சுற்றும்போது பிடித்துக்கொள்ளும், வயலில் பாரம் வந்ததும் தாண்டும். கப்ளிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, உள்ளே விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பாருங்கள். நல்ல பல்லு தட்டையான தலையோடு இருக்கும், தேய்ந்தது கூராகவோ ஒரு பக்கம் சாய்ந்தோ இருக்கும். செம்மண் நிறத்தில் காய்ந்த துருத்தூள் கொட்டினால் அது நெடுங்காலமாகக் கிறீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. சில மிசின்களில் கப்ளிங்கை ஒரு சேர்க்கிளிப்போ (வளையக் கிளிப்) சுருள் பின்னோ பிடித்திருக்கும். அந்தப் பின் அறுந்தால் கப்ளிங் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, பல்லில் ஓரத்தில் மட்டும் பிடித்து ஓடும், பிறகு முழுதாகக் கழன்றுவிடும். பின் ஒன்றின் விலை என்ன, கிரவுண் செட்டின் விலை என்ன என்பதை நீங்களே விசாரித்துப் பாருங்கள். பின் இருந்த இடத்தில் ஆணியை அடித்து வளைத்து விடுகிற வேலை வேண்டாம், ஆணி பாரத்தில் வெட்டுப்படும், சில வேளை துண்டு உள்ளே போகும்.

கப்ளிங் சரியாக இருந்தால் லீவரைப் பாருங்கள். லீவரிலிருந்து கியர் பொக்ஸின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கைக்கு ஒரு கம்பி போகும். சேறு காய்ந்து இறுகினாலோ, கம்பி வளைந்தாலோ, தொடுப்புப் பின் தேய்ந்து ஓட்டை பெருத்தாலோ, மேலே லீவர் முழுதாக நகர்ந்தது போல இருக்கும், கீழே கை பாதித் தூரம்தான் போகும். கம்பியைக் கழற்றிவிட்டு, கையை ஸ்பானரால் மெல்ல நகர்த்திப் பாருங்கள். இரண்டு நிலையிலும் "க்ளிக்" என்று பதிந்தால் உள்பக்கம் சரி, கம்பியைச் சீர்படுத்தி நீளத்தைச் சரிக்கட்டினால் வேலை முடிந்தது. பதியாமல் தளதளவென்று இருந்தால் உள்ளே இருக்கிற குண்டும் ஸ்பிரிங்கும் விட்டிருக்கும். போர்வீல் போட்ட பிறகு தானாகக் கழருகிற மிசின்களில் பெரும்பாலும் இதுதான், அல்லது சேருகிற கியரின் பல்லு நுனி உருண்டு போயிருக்கும். பல மொடல்களில் இந்தப் பகுதி கியர் பொக்ஸின் அடியில் தனிப் பெட்டியாகப் பூட்டப்பட்டிருக்கும், மிசினை இரண்டாகப் பிரிக்காமலே கழற்றலாம். கழற்ற முதல் ஒயிலை வடிக்க வேண்டும், சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, பல்லு ஏன் தேய்கிறது? வன்னியில் இதற்குப் பெரிய காரணம் சேறு அல்ல, தார் றோட்டு. வயலில் போட்ட போர்வீலைக் கழற்றாமல் ஏ9 வீதியில் ஏறி, பின்னால் நெல் மூட்டைப் பெட்டியையும் கொழுவிக்கொண்டு ஓடுவதை மாங்குளத்திலும் பரந்தனிலும் பார்க்கலாம். முன் சில்லு பின் சில்லைவிடக் கொஞ்சம் முந்தி ஓடும்படிதான் இந்த மிசின்கள் வடிவமைக்கப்படுகின்றன, சாதாரணமாக 1 முதல் 5 சதவீதம் வரை. இளகிய மண்ணில் முன் சில்லு மிசினை இழுத்துக் கொடுக்க அந்த முந்தல் வேண்டும், மிஞ்சுகிற தூரம் மண்ணில் வழுக்கிக் கரைந்துவிடும். தாரில் வழுக்க இடமில்லை. முந்தல் 3 சதவீதம் என்றால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 30 மீற்றர் கணக்குத் தீராமல் நிற்கிறது. அது முறுக்காகச் சாப்டிலும் பல்லிலும் ஏறி, கடைசியில் ரயரைத் தேய்த்தோ பல்லை உடைத்தோதான் வெளியே வரும். முன் ரயர் மட்டும் சீக்கிரமாக மொட்டையானால், லீவரைக் கழற்றப் பார்த்தால் இறுகிக்கொண்டு வராவிட்டால், இந்த முறுக்குத்தான். அப்போது லீவரைச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. கொஞ்சம் ரிவேர்ஸ் போனாலோ இளகிய மண்ணில் இறக்கி ஓடினாலோ முறுக்குத் தளர்ந்து தானாக வரும். குளக்கட்டுச் சரிவில், கிரவல் பாதையில், பாரத்தோடு இறங்கும்போது மட்டும் போர்வீல் போட்டிருப்பது நல்லது. இந்த மிசின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின் சில்லில் மட்டும்தான் பிரேக், போர்வீல் இருந்தால் முன் சில்லும் பிடித்துக் கொடுக்கும்.

ரயர் அளவு மாறியிருந்தால் இந்த முந்தல் கணக்கே குழம்பிவிடும். பழையதாக வருகிற மிசின்களில் இது நிறைய நடக்கிறது. கிடைத்த ரயரைப் போட்டு விற்கிறார்கள். நாங்களும் சேற்று உழவுக்குப் பின்னுக்கு உயரமான பூ வைத்த ரயரையோ இரும்புச் சில்லையோ மாட்டுகிறோம். முன் சில்லு மிகவும் முந்தினால் பல்லு தேயும். முந்தாமல் பிந்தினால், போர்வீல் போட்டாலும் பின் சில்லு தள்ளுகிற வண்டியாகத்தான் முன்பக்கம் ஓடும், இழுக்காது, சேற்றில் புதைந்துகொண்டே போகும். கமக்காரர் அக்சில் பழுது என்று நினைப்பார்.

அளந்து பார்ப்பது சுலபம். பின் சில்லிலும் முன் சில்லிலும் வெண்கட்டியால் அடையாளம் போடுங்கள். இறுகிய சமதரையில், போர்வீல் கழற்றிய நிலையில், பின் சில்லு சரியாக 10 சுற்றுப் போகும்வரை மெதுவாக ஓட்டுங்கள். அந்த நேரத்தில் முன் சில்லு எத்தனை சுற்றுப் போகிறது என்று உதவியாள் பக்கத்தில் நடந்து எண்ண வேண்டும், சில்லுக்கு எட்டாமல் தள்ளி நடக்கச் சொல்லுங்கள். முழுச் சுற்று மட்டும் போதாது, கால், அரை என்றும் குறிக்க வேண்டும். பிறகு இளகிய மண்ணில் போர்வீல் போட்டு அதே 10 சுற்று. உதாரணமாக, கழற்றியபோது 17, போட்டபோது 17 அரை. வித்தியாசம் அரை, அதை 17ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3 சதவீதம். நல்ல கணக்கு. போட்டபோது எண்ணிக்கை குறைந்து 16 முக்கால் என்று வந்தால் ரயர் பொருந்தவில்லை, அக்சிலில் தேடிப் பயனில்லை. இதே எண்ணிக்கையில் இன்னொரு விடயமும் வெளியே வரும். போர்வீல் உண்மையில் சேர்ந்திருந்தால் பின் சில்லுக்கும் முன் சில்லுக்கும் இடையில் இருப்பது பல்லுக் கணக்கு, மண் எப்படி இருந்தாலும் மாறாது. திரும்பத் திரும்ப எண்ணும்போது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தால், பல்லு எங்கோ தாண்டுகிறது. கையால் செய்த சோதனையில் பிடிபடாத தேய்ந்த கப்ளிங் இப்படித்தான் மாட்டும்.

யப்பான் மிசின்கள் சிலவற்றில் இன்னோர் ஏற்பாடு உண்டு. வயல் மூலையில் ஸ்ரியறிங்கை நன்றாக வெட்டித் திருப்பும்போது, முன் சில்லு தானாக ஏறக்குறைய இரட்டை வேகத்தில் சுற்றி மிசினை இறுக்கித் திருப்பும். சுவிட்சில் யப்பான் எழுத்து மட்டும் இருப்பதால் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திரும்பும்போது முன்பக்கம் திடீரென்று இழுத்துக் குதிக்கிறது, அக்சில் உடைந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். வீதியில் போகும்போது அதைக் கழற்றி வைத்திருங்கள், வேகத்தில் ஆபத்து.

இனி ஒயில். முன் அக்சிலுக்குப் பொதுவாகத் தனி ஒயில், கியர் பொக்ஸ் ஒயிலோடு சேராது. எந்த ஒயில் என்பது மிசினுக்கு மிசின் மாறும், சிலவற்றுக்கு 80W-90 கியர் ஒயில், சிலவற்றுக்குக் கியர் பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் விடுகிற அதே ஒயில். கைநூலையோ அதே மொடல் வைத்திருப்பவரையோ பார்த்து ஊற்றுங்கள். வடிக்கும்போது நடுவில் மட்டும் திறந்தால் போதாது, இரண்டு பக்க மூட்டின் அடியிலும் போல்ட் இருந்தால் அவற்றையும் திறக்க வேண்டும், தண்ணீரும் தூளும் தங்குவது அங்கேதான். வந்த ஒயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மிக மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் வயதுக்கேற்ற தேய்வு. மினுங்குகிற செதில், விரலில் குத்துகிற துண்டு, பல்லின் மூலை போன்ற ஏதாவது வந்தால் மட்டுமே உள்ளே திறக்கிற பேச்சு. ஒயில் சுத்தமாக வந்து, இரண்டாவது சோதனையில் சாப்டும் சுற்றினால், கிரவுண் வீல் மாற்றச் சொல்லும் எவருக்கும் நீங்கள் தைரியமாக மறுப்புச் சொல்லலாம். புதிதாக ஊற்றும்போது ஒயில் நடுவிலிருந்து நுனிகளுக்கு மெதுவாகத்தான் போகும், ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் திரும்பவும் அளவு பாருங்கள். வடித்த பழைய ஒயிலை வாய்க்கால் பக்கம் ஊற்ற வேண்டாம், அந்தத் தண்ணீர் அடுத்த வயலுக்குத்தான் போகிறது.

ஒயில் பால் போல வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் சேற்று உழவு செய்கிற மிசின்களில் இது அடிக்கடி வரும். புழுதி உழவில் சூடாகி ஓடிய அக்சில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கும். காற்று போய்வர மேலே ஒரு சின்னப் பிறீதர் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால், சுருங்குகிற காற்று சீலின் உதட்டு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெயிலில் சூடாகும்போது அதே உதட்டு வழியாக ஒயிலைத் தள்ளும். சீலை மாற்றி மாற்றி அலுத்துப் போனவர்கள் பிறீதரைக் கழற்றி ஒருமுறை ஊதிப் பார்க்கட்டும். அடுத்த எதிரி வைக்கோலும் நைலோன் கயிறும். சில்லுக்கும் மூட்டுக்கும் இடையில் சுற்றி, உள்ளே நுழைந்து, சீலை அறுக்கும். எங்கள் பக்கத்தில் பழைய முள்ளுக்கம்பித் துண்டுகளும் வரம்போரங்களில் கிடக்கின்றன, அவை இன்னும் மோசம். ஒவ்வொரு நாள் வேலை முடிவிலும் அந்த இடுக்கைப் பார்த்து உருவி எடுக்க வேண்டும். சீல் மாற்றும்போது சாப்டில் பழைய சீல் உதடு வெட்டிய பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் புதுச் சீலைக் கொஞ்சம் தள்ளி இருத்த வேண்டும், அல்லது மெல்லிய உறை போட வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சீலும் ஒழுகத்தான் போகிறது.

முன்பக்கம் தூக்கியிருக்கும்போதே அலவாங்கு ஒன்றை எடுத்து அக்சிலை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். நடுப் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் அக்சில் கண்ணுக்குத் தெரியும்படி நகரும். அப்படி நகர்கிற அக்சில் டிரைவ் சாப்டின் நேரைக் கெடுத்து, கப்ளிங்கைத் திரும்பத் திரும்பத் தின்னும், புதுக் கப்ளிங் போட்டாலும் நீடிக்காது. சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயரிங் தெரியும். ஸ்ரியறிங்கை முழுதாக வெட்டியபோது மட்டும் கடகடவென்று வந்தால் மூட்டுக்குள் இருக்கிற பல்லோ யுனிவர்சல் ஜொயின்றோ. முன்னும் பின்னும் கியர் மாற்றும்போது ஒரு அடி அடித்துச் சத்தம் வந்தால் கப்ளிங் ஆட்டம். போர்வீல் கழற்றிய பிறகும் சத்தம் தொடர்வதால் அக்சில் குற்றமற்றது என்று முடிவு கட்ட முடியாது. சில்லு உருளும்வரை முன் அக்சிலுக்குள் இருக்கிற எல்லாம் சேர்ந்து சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இவ்வளவும் பார்த்து, சாப்ட் சுற்றாமல் சில்லு சுற்றுகிறது, முன் கப்ளிங்கும் நல்லது, ஒயிலிலும் துண்டு வருகிறது என்றால், சரி, திறக்கத்தான் வேண்டும். ஒரு பக்கம் அறுந்த மாதிரி இருந்தால் நடுவைத் தொடாமல் அந்தப் பக்க மூட்டு மூடியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். கிரவுண் வீலும் பினியனும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றைப் புதிதும் மற்றதைப் பழையதும் போட்டால் இரண்டும் போகும். பழைய இரண்டிலும் பல்லை எண்ணி எழுதி வையுங்கள். வெளியில் ஒரே மாதிரித் தெரிகிற அக்சில்கள் உள்ளே வேறு பல்லுக் கணக்கில் இருக்கலாம். வேறு மொடல் மிசினிலிருந்து முழு அக்சிலையே கழற்றிப் பூட்டுகிற போதும் இதே ஆபத்து, பூட்டிய பிறகு மேலே சொன்ன 10 சுற்று எண்ணிக்கையைக் கட்டாயம் செய்து பாருங்கள். திறந்த மெக்கானிக் பழைய சிம்களை எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தது என்று குறித்து வைக்கிறாரா, பூட்டும்போது பல்லில் மை தடவி எங்கே படுகிறது என்று பார்க்கிறாரா, பல்லிடை ஆட்டத்தை அளக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இதைச் செய்யாமல் போல்ட்டை இறுக்கி மூடினால் புதுச் செட் ஒரு போகம்கூடத் தாங்காது.

முதலில் அந்த இரண்டு சோதனையையும் செய்துவிட்டு, சில்லு சுற்றும்போது சாப்ட் சுற்றியதா இல்லையா என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள், தம்பி. மிசினின் மொடல் எண்ணையும், முன் பின் ரயர்களில் அச்சடித்திருக்கிற அளவுகளையும் சேர்த்துச் சொன்னால், எந்தச் சாமான் தேட வேண்டும் என்பதை அப்புறம் பார்க்கலாம்.